ரோட்டார் என்றாள் வைரக்கண்ணு

மேனேஜர் நடராசன் டைப் அடித்த காகிதத்தை என் பக்கம் தள்ளி, அதன்மேல் பேனாவை வைத்தார். எனக்குச் சிரமம் வேண்டாம் என்று பேனாவைத் திறந்தும் வைத்திருந்தார்.

"படிக்கணும்னா படிச்சுக்க செழியா. மூணு மணிக்கு பேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாரு. அதுக்குள்ள கையெழுத்து வேணும்."

படித்தேன். சனிக்கிழமை காலை எங்கள் அரிசி மில்லில் கூட்டிப் பெருக்கும் தொழிலாளி வைரக்கண்ணு, ஓடிக்கொண்டிருந்த, அரிசி தீட்டும் பாலீஷரின் பெட்டியைத் தானாகத் திறந்து ரோட்டாரில் கையை விட்டதால், வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. அந்த நேரத்தில் ரோட்டார் உட்பட எல்லாச் சுழலும் பாகங்களுக்கும் மூடி மாட்டப்பட்டிருந்தது. மில்லின் ஃபிட்டராகிய நான் இதை நேரில் அறிவேன். கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

"ரோட்டார் இல்ல சார். மோட்டார் புல்லி." பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது.

நடராசன் சிரித்தார். "அந்தம்மாவே ரோட்டார்னுதான் சொல்லியிருக்கு. நேத்து இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கே போயி எழுதி வாங்கிட்டாரு. 'நான்தான் பெட்டியத் தொறந்தேன், ரோட்டார்ல கைய விட்டுட்டேன், என் தப்புதான்'னு சொல்லியிருக்கு. கை போனவளே சொன்னதுக்கப்புறம் உனக்கென்ன?"

நடராசன் பொய் சொல்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. லாட்டரி விழுந்தவர் முகம் அது.

என் பாஸ்போர்ட் முதலாளியின் மேசை டிராயரில் இருந்தது. முதலாளி ஹாஜா மைதீன் பாயின் மகன் அஸார் அபுதாபியில் ஒரு மாவு மில்லில் சூப்பர்வைசர். அவர் சொல்லித்தான் எனக்கு விசா வந்திருந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை சென்னையில் விமானம் ஏற வேண்டும். என் மனைவி செம்மொழி பெட்டி வாங்கி, ஏர்போர்ட்டில் அடையாளம் தெரிவதற்காக அதன் கைப்பிடியில் சிவப்பு ரிப்பனும் கட்டி வைத்துவிட்டாள். தொண்ணூற்றேழில் மன்னார்குடி பஜாரில் வீட்டுக்கொருவர் வளைகுடாவில் இருந்தார்கள். எங்கள் தெருவில் அதுவரை ஒருவரும் இல்லை. என் அப்பாவும் அவர் வயதுக்காரர்களும் பண்ணை வயலில் நாற்றுப் பறித்தே முதுகு கூனிப்போனவர்கள். தெருவே எனக்காகக் காத்திருந்தது.

கையெழுத்துப் போட்டால் செவ்வாய்க்கிழமை விமானம். போடாவிட்டால் என்னவென்று நடராசன் சொல்லவில்லை. முதலாளி அறையின் மூடிய கதவை மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஒரு மணி நேரம் குடுங்க சார். வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"வீட்டுக்கா, ஆஸ்பத்திரிக்கா?" என்றவர், பதிலுக்குக் காத்திருக்காமல், "ரெண்டரைக்குள்ள வந்துடு. வந்து நல்ல பிள்ளையா கையெழுத்துப் போடு," என்றார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் மில்லில் சுற்றுகிற சாமான் எதுவானாலும் அதற்கு ஒரே பெயர்தான். புல்லியும் ரோட்டார், ஊதுகிற ஃபேனும் ரோட்டார், நெல்லை மேலே ஏற்றுகிற எலிவேட்டரின் சக்கரமும் ரோட்டார். மூட்டை தூக்குகிறவர்களிலிருந்து மேனேஜர்வரை இப்படித்தான். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்த எனக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒரு மோட்டாரைத் திறந்து பாருங்கள். அசையாமல் சுற்றிலும் கூடாக உட்கார்ந்திருப்பது ஸ்டேட்டார். அதன் நடுவில் சுற்றுவது ரோட்டார். பாலீஷரிலும் அதே கதைதான். இரும்புப் பெட்டிக்குள் சல்லடைக் கூடு, கூட்டின் நடுவில் அரிசியைத் தேய்த்துக்கொண்டு சுற்றுகிற உருளை. அதற்குத்தான் ரோட்டார் என்று பெயர். வெளியே மோட்டாரின் தலையில் உட்கார்ந்து பெல்ட்டை இழுக்கிற சக்கரம் புல்லி. ரோட்டாரில் கை பட வேண்டுமென்றால் ஸ்பானர் எடுத்து ஆறு நட்டைக் கழற்றிப் பெட்டியைத் திறக்க வேண்டும். புல்லியில் கை பட ஒன்றுமே செய்ய வேண்டாம். அதன் மூடியை மாட்ட எவனாவது மறந்திருந்தால் போதும்.

இதை எத்தனை தடவை கத்தியிருப்பேன்! "வாத்தியாரு வந்துட்டாருடா" என்று சிரிப்பார்கள். கேட்டுக்கொண்டது ஒரே ஒரு ஆள், வைரக்கண்ணு. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள். ரத்த உறவு கிடையாது, பிறந்ததிலிருந்து எனக்கு அவள் சின்னம்மா. பள்ளிக்கூடத்தில் மழைக்குக்கூட ஒதுங்காதவள், துடைப்பக் கட்டையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி "இது என்னா, அது என்னா" என்று கேட்டு ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். அப்புறம் என்னைவிட மோசமாகிவிட்டாள். ஒருநாள் சம்பளத்துக்கு நின்ற கூட்டத்தின் முன்னால் நடராசனையே, "அது ரோட்டார் இல்லீங்க சார், புல்லிங்க. ரோட்டார் பொட்டிக்குள்ள இருக்கும்," என்று திருத்தினாள். நடராசன் முகம் போன போக்கைப் பார்த்து நான் சாக்குக் குவியலுக்குப் பின்னால் போய்ச் சிரித்தேன்.

அவளா இன்ஸ்பெக்டரிடம் ரோட்டார் என்று சொன்னாள்?

அந்தச் சனிக்கிழமை விஜயதசமி. அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. முதலாளி முஸ்லிம் என்றாலும் தொழிலாளிகளுக்காக வருடம் தவறாமல் நடத்துவார். பொரி, சுண்டல், பூ, பழம் எல்லாம் அவர் செலவு. பூஜை நேரத்தில் மட்டும் வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். எனக்கும் இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் மெஷின் என் பொறுப்பு. எல்லா மூடிகளையும் கழற்றி, தவிடும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் துடைத்துக் கொடுப்பேன். சுற்றுகிற ஒவ்வொரு சாமானுக்கும் பெண்கள் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். மூடியை உடனே மாட்டினால் பொட்டு அழிந்துவிடும், அது மில்லுக்கு ஆகாது என்பார்கள். அதனால் மறுநாள் காலை தேங்காய் உடைத்து, மெஷினை ஐந்து நிமிடம் சும்மா ஓட்டி நிறுத்திய பிறகுதான் மூடிகளை மாட்டுவது வழக்கம். ஐந்து நிமிடம்தானே என்று நானும் விட்டுவிடுவேன்.

இந்த வருடம் குறுவை நெல் வந்து குவிந்திருந்தது. வானமும் மூட்டம் போட்டிருந்தது. ஐந்து நிமிடம் ஆனதும், "ஓடறது ஓடட்டும்பா, நெல்லு நனைஞ்சிடும்," என்றார் நடராசன். நிறுத்துங்கள், மூடி மாட்ட வேண்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று டீ குடிக்கப் போனேன். செவ்வாய்க்கிழமை விமானத்தைப் பற்றி டீக்கடையில் அரை மணி நேரம் அளந்தேன்.

சின்னம்மா கீழே சிந்திய குருணையைக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். மோட்டார்மேல் போட்டிருந்த செவ்வந்தி மாலை அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பெல்ட் பக்கம் சரிந்திருக்கிறது. பூஜை மாலை அறுபடக்கூடாதே என்று எட்டி எடுத்திருக்கிறாள். மாலையை இழுத்த பெல்ட் அவள் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்ப் புல்லிக்குள் கொடுத்துவிட்டது.

நான் ஓடி வந்தபோது யாரோ சுவிட்சை அணைத்திருந்தார்கள். அவளை வேனில் தூக்கிப் போட்டு அனுப்பினோம். வேன் கேட்டைத் தாண்டியதும் நான் செய்த முதல் காரியத்தைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. சுவரில் சாய்த்து வைத்திருந்த மூடியை எடுத்து, புல்லிமேல் பொருத்தி, நான்கு போல்ட்டையும் முடுக்கினேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். நடராசன் பார்த்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டின் கடைசிக் கட்டிலில் சின்னம்மா படுத்திருந்தாள். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். ஐந்து நாளில் முகம் பாதியாகிவிட்டது.

"வேல நேரத்துல எங்க வந்த?" என்றாள்.

"நேத்து இன்ஸ்பெக்டர்கிட்ட என்ன சொன்ன சின்னம்மா?"

"கேட்டாரு. நடந்ததச் சொன்னேன்."

"ரோட்டார்ல கைய விட்டேன்னா நடந்தது?"

அவள் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். அங்கிருந்த கிழவி தூங்கிக்கொண்டிருந்தாள். "படிக்காத பொம்பளைக்கு எது ரோட்டாரு, எது என்னான்னு என்ன தெரியும்? வாயில வந்ததச் சொன்னேன்."

"என்கிட்டயே சொல்றியா? மேனேஜரையே திருத்தினவ நீ."

"கத்தாத. நர்சம்மா வையும்."

"ரோட்டார்னா பெட்டிய நீதான் தொறந்தேன்னு ஆயிடும். உன் தப்புன்னு எழுதி முடிச்சிடுவாங்க. நஷ்ட ஈடுன்னு ஒரு பைசா வராது. நாளைக்கு வேலைக்கும் கூப்பிட மாட்டாங்க. தெரியுமா உனக்கு?"

"தெரியாமயா சொன்னேன்?" என்றாள்.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோமே என்று உணர்ந்தாள் போலிருக்கிறது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"புல்லின்னு சொன்னா மூடி எங்கன்னு கேப்பாரு," என்றாள், சுவரைப் பார்த்தபடியே. "மூடி எங்கன்னா யாரு கழட்டினதுன்னு கேப்பாரு. உன்னப் புடிச்சு கேஸுல போட்டா செவ்வாக்கெழம ஏரோப்ளேன் உனக்காக நிக்குமா? என் கை போனது போனதுதான். திரும்ப மொளைக்கவா போவுது? நீ போனீன்னா உன் பின்னாலயே நம்ம தெருவுலேருந்து நாலு புள்ளைவ போவும். பொட்டு அழியக்கூடாது, மூடி போடாதன்னு சொன்ன கூட்டத்துல நானும்தான் இருந்தேன். போ. போயி அவங்க கேக்கற எடத்துல கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்பற வழியப் பாரு."

எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. என்னைக் கேட்காமல் என் பாவத்தைத் தூக்கி இவள் தலையில் வைத்துக்கொள்ள இவளுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அந்தக் கோபத்துக்கு அடியில், இன்னொன்றும் இருந்தது. அப்பாடா என்று ஒரு நிம்மதி. அவளே சொல்லிவிட்டாள், அவளே போகச் சொல்லிவிட்டாள். நான் என்ன செய்ய முடியும்? இப்படி நினைத்துக்கொண்டேதான் சைக்கிளை மிதித்தேன். மில் கேட்டுக்குள் நுழையும்போது கையெழுத்துப் போட்டுவிடுவது என்றுதான் இருந்தேன்.

இன்ஸ்பெக்டர் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டிருந்தார். நடுத்தர வயது, ஒல்லி ஆள், கையில் ஒரு நோட்டு. பாலீஷர் பக்கத்தில் நின்றார். நடராசன் மடித்த காகிதத்தோடு அவருக்குப் பின்னால் நின்று, எங்கே தொலைந்தாய் என்று கண்ணாலேயே என்னைக் கேட்டார். முதலாளி வாசற்படியில் நின்றார், உள்ளே வரவில்லை.

"ஃபிட்டர் நீங்கதானா? ரோட்டார் எது, காட்டுங்க."

பெட்டியைக் காட்டினேன்.

"தொறங்க."

ஸ்பானரை எடுத்து ஒவ்வொரு நட்டாகக் கழற்றினேன். நான்காவது நட்டு இறுகிப்போய் வர மறுத்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பெட்டியைத் திறந்ததும் உள்ளே விரலால் தொட்டுப் பார்த்தார். காய்ந்த தவிடு மாவாக ஒட்டியிருந்தது, வேறு ஒரு கறை இல்லை.

"எட்டு நிமிஷம் ஆச்சு," என்றார். "கூட்டற அம்மா ஸ்பானரக் கொண்டாந்து, ஓடற மெஷின்ல ஆறு நட்டையும் கழட்டிட்டு உள்ள கைய விட்டாங்களா?"

நடராசன் முந்திக்கொண்டார். "பேர்ல என்ன சார் இருக்கு? அவங்களுக்கு சுத்தறதெல்லாம் ரோட்டார்தான். ஏதோ ஒண்ணுல…"

"அதுவும் சரிதான். பேரு எனக்கு முக்கியமில்ல. அது ரோட்டாரோ புல்லியோ, சுத்தற சாமான்னா மூடி இருக்கணும். அன்னைக்கு இருந்துச்சா?" இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க."

நடராசன் என் முதுகில் லேசாகக் கை வைத்தார். "சொல்லுப்பா. எல்லாத்துக்கும் இருந்துச்சுல்ல?"

பயமாக இருந்தது. 'இருந்துச்சுங்க' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எதிரே மோட்டார் புல்லியின் மூடி, நான் முடுக்கிய நான்கு போல்ட்டோடு, ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

"புல்லிக்கு மூடி இல்லீங்க," என்றேன். "பூஜைக்கு நான்தான் கழட்டினேன். திரும்ப மாட்டல. அந்தப் புல்லியிலதான் அவங்க கை போச்சு. வேன் போனதும் நான்தான் மூடிய மாட்டினேன்."

முதுகில் இருந்த கை எடுபட்டது. இன்ஸ்பெக்டர் உடனே எழுதவில்லை. பேனாவை நோட்டுமேல் வைத்தபடி யோசித்தார்.

"மூடி இல்லாம ஓட்டச் சொன்னது யாரு?"

"மேனேஜர் ஓட்டச் சொன்னாரு. நிறுத்துங்கன்னு நான் சொல்லல."

"சரி. அந்தம்மா ஏன் ரோட்டார்னு சொன்னாங்க? மெஷின் விவரம் தெரியாதோ?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் அவள் பொய் சொன்னாள் என்று ஆகாது. அது எனக்கு அப்போது தோன்றவில்லை. "இந்த மில்லுல என்னை விட்டா அவங்களுக்குத்தாங்க தெரியும்," என்றேன். "நான் செவ்வாக்கெழம அபுதாபி போறேங்க. அதுக்காகச் சொன்னாங்க." அதற்குமேல் குரல் உடைந்துவிட்டது. ஆண்பிள்ளை அழுகிறானே என்று மூட்டைக்காரர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன்.

எழுதி முடித்து என்னிடம் கையெழுத்து வாங்கினார். கேஸ் முடியும்வரை நான் சாட்சி என்றும், கூப்பிட்டபோதெல்லாம் வர வேண்டும் என்றும் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு மறுபடி போய் அந்தம்மாவிடம் வேறு வாக்குமூலம் வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார்.

முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டார். பாஸ்போர்ட் மேசைமேல் இருந்தது.

"நடராசன் எழுதினத நான் படிக்கல தம்பி," என்றார் ஹாஜா மைதீன் பாய். "படிச்சா கேக்க வேண்டியிருக்கும்னுதான் படிக்கல. அல்லாவுக்குப் பொதுவா சொல்றேன், அது என் தப்பு. அந்தம்மாவுக்குச் சேர வேண்டியத நான் குடுத்துடுவேன். ஆனா செவ்வாக்கெழம நீ போக முடியாது. அங்க ஆளு உடனே வேணும்கறான் அஸாரு. வேற ஆள அனுப்பறேன்னு சொல்லப் போறேன். இத எடுத்துக்க."

அவரைத் திட்ட எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். பாஸ்போர்ட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

வழியில் இட்லி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது சாயங்காலம் ஆறு மணி. இன்ஸ்பெக்டர் எனக்கு முன்னால் வந்து போயிருந்தார். சின்னம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தாள்.

"வந்துட்டியா, அரிச்சந்திரன்! என்னப் பொய்க்காரின்னு சொல்லிட்டு வந்துட்ட. உனக்காக ஒரு நாள் பூரா மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பழகினேன்டா அத. புல்லின்னு வந்துடக்கூடாதேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொன்னேன். என் கையும் போச்சு, உன் பயணமும் போச்சு. இப்ப யாருக்கு என்னத்தக் கொண்டாந்து குடுத்த நீ?"

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் வந்து அதட்டினாள். சின்னம்மா அடங்கவில்லை. என் அப்பாவை இழுத்தாள், என் படிப்பை இழுத்தாள், கடைசியில் மூச்சு வாங்கி நிறுத்தினாள். உனக்கு நஷ்ட ஈடு வரும் சின்னம்மா என்று சொல்லலாம்தான். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

"என்னா அது கையில?" என்றாள்.

"இட்லி."

"பொன்னுத்தாயி ராத்திரிக்கு வர மாட்டா. புள்ளைக்கு ஜொரமாம்." பொன்னுத்தாய் அவள் மகள். இத்தனை நாளும் வேளாவேளைக்கு வந்து ஊட்டிவிட்டவள் அவள்தான்.

பொட்டலத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தேன். "நான் ஊட்டிவிடவா?"

"வேணாம். காலம் பூரா எவ ஊட்டுவா?"

இடது கையை இலைவரைக்கும் கொண்டுபோனாள். சட்டென்று பின்னுக்கு இழுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மறுபடி கொண்டுபோனாள். பிறந்ததிலிருந்து சோற்றில் படாத கை அது. விரல்கள் இட்லிக்கு மேலே அப்படியே நின்றன.

"அந்தப் பக்கம் திரும்பிக்கடா," என்றாள். "பாக்காத."

நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பின்னால் இலை சலசலத்தது.